கீசர் சூடாகவில்லையா? வோல்ட்டையும் ஆம்பியரையும் கேளுங்கள்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் கடைக்குப் பழுது பார்க்க வருகிற சாமான்களில் முதலிடம் கீசருக்குத்தான். "தண்ணீர் சரியாகக் காயவில்லை, காயிலை மாற்றிக் கொடுங்கள்" என்பார்கள். மேசை மேல் வைத்து மீட்டரில் பார்த்தால் பல நேரம் காயில் நன்றாகவே இருக்கும். கோளாறு வீட்டுச் சுவருக்குள் இருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம், ஒயர் வாங்க வருகிறவர்களிடம் ஏன் அத்தனை கேள்வி கேட்கிறோம் என்று விளக்கவே இந்த மடல்.

கணக்குக்கு இரண்டே எண்கள் போதும்: வோல்ட், ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வாட், அதாவது அந்தச் சாமானின் பவர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது மின்தடை. ஜெர்மனியின் ஜார்ஜ் ஓம் 1827-இல் நூலாக வெளியிட்ட விதி இது. பள்ளியில் எல்லோரும் படித்ததுதான்.

உங்கள் கீசரின் லேபிளில் 230 வோல்ட், 2000 வாட் என்று இருந்தால், 2000-ஐ 230-ஆல் வகுங்கள். 8.7 ஆம்பியர் வரும். 230-ஐ அந்த 8.7-ஆல் வகுத்தால் 26 ஓமுக்குச் சற்று மேல். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காயிலின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து அந்த அளவு காட்டினால் காயிலில் குறையில்லை. மீட்டர் எதையும் காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. குண்டு பல்பை மட்டும் இப்படிச் சோதிக்கக் கூடாது. எரியும்போது 529 ஓம் இருக்கிற 100 வாட் பல்பு, அணைந்து ஆறியபின் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டாது. இழை சூடேற ஏற அதன் தடையும் ஏறுவதுதான் காரணம்.

இனி, வோல்டேஜ் 230-இலிருந்து 180-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காயிலின் ஓம் மாறாது, அதே 26.45தான். 180-ஐ 26.45-ஆல் வகுத்தால் 6.8 ஆம்பியர்; அதை 180-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,225 வாட். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது. பவரோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற 16 நிமிடம் எடுத்த அதே கீசர் இப்போது 26 நிமிடம் எடுக்கும். புதுக் காயில் போட்டாலும் இதே கதைதான்.

சென்ற ஆண்டு ஒரு வாடிக்கையாளர் வீட்டில் அளந்ததைச் சொல்கிறேன். கீசர் அணைந்திருக்கும்போது சாக்கெட்டில் 230 வோல்ட். போட்டவுடன் 214. ஒயரை வெளியிலிருந்தே கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஃபேஸ் ஒயரில் மட்டும் மாட்டிப் பார்த்ததில் 8.1 ஆம்பியர் (ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும்). காணாமல் போன 16 வோல்ட்டை 8.1-ஆல் வகுத்தால் வழியில் ஏறக்குறைய 2 ஓம் தடை. பதினாறையும் 8.1-ஐயும் பெருக்கினால் சுமார் 130 வாட். தண்ணீருக்குப் போக வேண்டிய சூடு சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது.

தேடிப் பார்த்தோம். மீட்டர் பெட்டியிலிருந்து குளியலறை வரை 30 மீட்டருக்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். போக, வர 60 மீட்டர். அதிலேயே 1 ஓமுக்கு மேல். மீதியில் பெரும்பகுதி ஜங்ஷன் பாக்ஸில் இருந்தது: முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட். டேப் உருகி வழிந்து, ஒயரின் உறை கருகி, தொட்டதும் உதிர்ந்தது. ஒரு ஜாயின்ட்டில் அரை ஓம் தடை இருந்தால் போதும், 8 ஆம்பியர் ஓடும்போது அங்கே 4 வோல்ட் விழும், 4-ஐ 8-ஆல் பெருக்க 32 வாட் சூடு பிறக்கும். பற்றவைக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். வீடு தீப்பிடிப்பது இப்படித்தான் தொடங்குகிறது. இதைப் பார்த்தபின் எங்களால் பேசாமல் இருக்க முடியவில்லை.

தானாக விழுந்து கரண்டைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் இருக்கிறதே என்பீர்கள். கரண்ட் அளவுக்கு மீறினால்தான் அது விழும். இங்கே கரண்ட் குறைந்தல்லவா போயிருக்கிறது? எம்சிபிக்கு எதுவும் தெரியாது.

தண்ணீர் மோட்டாருக்கு இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். அதில் பவர் ஃபேக்டர் குறுக்கே வரும், அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதைவிட உண்மையான வாட் குறைவாக இருக்கும். வோல்டேஜ் இறங்கினால் ஹீட்டர் குறைவாக இழுக்கும்; சுமையோடு ஓடும் மோட்டார் அதிகமாக இழுத்துச் சூடேறும்.

இதனால்தான் 1500 வாட் வாட்டர் ஹீட்டருக்கு 6 ஆம்பியர் பிளக் டாப் கேட்டால் தர மறுக்கிறோம். 1500-ஐ 230-ஆல் வகுத்துப் பாருங்கள், 6.5 வருகிறது. 16 ஆம்பியர் சாக்கெட்டும், கீசருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் வாங்கச் சொல்வது லாபத்துக்காக அல்ல. முன்சொன்ன 60 மீட்டருக்கு இந்த ஒயரில் அரை ஓம்கூட வராது.

கரண்ட் ஓடும்போது அளப்பதை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். நீங்களாக பாக்ஸைத் திறக்க வேண்டாம். ஒயர் வாங்க வரும்போது, சாமானின் லேபிளைப் படம் எடுத்து வாருங்கள், மீட்டர் பெட்டியிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து வாருங்கள். கணக்கை உங்கள் கண் முன்னே போட்டுக் காட்டுகிறோம். பிளக் டாப்பின் கால்களைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தால் அதையும் கழற்றி எடுத்து வாருங்கள். அதுவரை கீசரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் எலெக்ட்ரிகல்ஸ் கடையினர்