மவுத் ஆர்கனை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ப்ளூஸ் இசை பற்றிய ஞாயிறு மலர் கட்டுரை கிதார் கலைஞர்களோடு நின்றுவிட்டதில் எனக்கு வருத்தம். அமெரிக்க மவுத் ஆர்கன் கலைஞர் பால் பட்டர்ஃபீல்டை எப்படி விட முடியும்? 1963-ல் சிகாகோவில் உருவான அவரது குழுவில் மவுத் ஆர்கன்தான் தலைமை. அதையும் மைக்கையும் சேர்த்துக் கைக்குள் பொத்தி அவர் ஊதினால், ஆம்ப்ளிஃபயரில் அது சாக்ஸபோன் போல முழங்கும்.

புகழ்பெற்ற ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃபிடம் வாசித்த கறுப்பினக் கலைஞர்கள் சாம் லே, ஜெரோம் ஆர்னால்டு இருவரும் வெள்ளையரான பட்டர்ஃபீல்டோடு சேர்ந்தார்கள். அன்றைய அமெரிக்காவில் அது சாதாரணமல்ல. 1966-ல் வெளியான இக்குழுவின் 13 நிமிட 'ஈஸ்ட்-வெஸ்ட்' இசையில் இந்துஸ்தானி ராகங்களின் சாயல் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

1971-ல் குழு கலைந்தது. 1987-ல், 44 வயதில், பட்டர்ஃபீல்டு மறைந்தார். ராக் இசைச் சாதனையாளர்களுக்கான 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் 2015-ல்தான் வந்தது. இவரைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிடுங்கள்.

- வாசகர், திருச்சி