அரச கடிதத்தை எழுதியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

அரச அதிகாரிகள் அனுப்பும் கடிதமோ அறிக்கையோ செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டிருந்தால், அதை அந்தத் தாளிலேயே குறிப்பிடச் சட்டம் வேண்டும். 2025இல் அவுஸ்திரேலிய அரசுக்கு டெலோயிட் என்ற ஆலோசனை நிறுவனம் கொடுத்த அறிக்கையில், யாரும் எழுதாத ஆய்வுகளும் நீதிமன்றத் தீர்ப்பில் இல்லாத மேற்கோளும் இருந்தன. பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகுதான் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்திய உண்மையைத் திருத்திய பதிப்பில் வெளியிட்டார்கள். கட்டணத்திலும் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே பிழை பிடிக்க ஆளிருந்தார். இங்கே ஓய்வூதியம் மறுக்கப்பட்டு, பிரதேச செயலகத்தின் வாங்கில் கடிதத்தோடு உட்கார்ந்திருக்கும் மூதாட்டிக்கு யார் இருக்கிறார்கள்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துக் கேட்கும்படி அவரிடம் சொல்வது கொடுமை. கேட்காமலே சொல்ல வேண்டும். முழுவதையும் படித்துச் சரிபார்த்தேன் என்று அதிகாரி தம் பெயரோடு கையொப்பமிடவும் வேண்டும்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.