யிஷிங் டீபாட் என்று சொல்லி நீங்கள் அனுப்பிய பொருள் பற்றிய புகார்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அரட்டைப் பெட்டி, தொலைபேசி, கடை, கிடங்கு என்று எல்லாக் கதவையும் தட்டி ஓய்ந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். ஆர்டர் எண்ணை மறுபடியும் கேட்காதீர்கள். உங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் அதைத்தான் முதலில் கேட்டு வாங்கினார்கள், வேறொன்றும் செய்யவில்லை.

நான் வாங்கியது சிவப்புப் பெட்டியில் வரும் டீபாட், 188 சிங்கப்பூர் வெள்ளி. பூச்சில்லாத யிஷிங் மண் டீபாட், 120 மில்லி, வறுத்த தியெகுவான்யின் என்ற சீனத் தேயிலைக்கு மட்டும் என்று ஆர்டர் குறிப்பிலேயே எழுதியிருந்தேன். வந்தது 350 மில்லி. நான்கு பேருக்குச் சாயா ஊற்றலாம். மூடியைத் திறந்தால் உள்ளே பளபளவென்று கிளேஸ் பூச்சு! ஊற்றினால் பாதி மூக்கு வழியாகவும் மீதி மூடி இடுக்கு வழியாகவும் வருகிறது.

சீனாவின் ஜியாங்சு மாநிலத்து யிஷிங் மண்ணுக்கு யாரும் காசு கொடுப்பதே அதில் பூச்சு கிடையாது என்பதற்காகத்தான். அதன் நுண்துளைகள் தேநீரின் வாசனையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் ஒரு டீபாட்டுக்கு ஒரே வகைத் தேயிலை என்று வைத்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்றால் நான் வெள்ளைப் பீங்கான் காய்வான் (மூடி போட்ட தேநீர்க் கிண்ணம்) வாங்கியிருப்பேனே. பீங்கான் எதையும் உறிஞ்சாது. காலையில் பச்சைத் தேநீர், மாலையில் பூஅர் தேநீர் என்று மாற்றி மாற்றிப் போடலாம், விலையும் குறைவு. இதையெல்லாம் விற்கிற உங்களுக்கே நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

சைனாடவுன் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பாரே, அந்தக் கண்ணாடி போட்ட இளைஞர், அவரிடம் இதைத்தான் காட்டினேன். டீபாட்டை அவர் கையில்கூட வாங்கவில்லை. தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிக்கிற உங்களுக்கு எந்த டீபாட்டாக இருந்தால் என்ன என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். ஆமாம், தே தாரிக் எனக்குப் பிடிக்கும். தேக்கா சந்தையில் நின்று தினமும் குடிக்கிறேன். அதற்கும் நீங்கள் பொய் சொல்லி விற்றதற்கும் என்ன சம்பந்தம்? அவர் பெயர் அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். கண்காணிப்புக் கேமரா இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மாற்றித் தருவது துவாஸ் கிடங்கில் என்று அனுப்பியதும் அவர்தான். அரை நாள் விடுப்பு, ரயிலின் கடைசி நிலையம், அங்கிருந்து பேருந்து, கொட்டுகிற மழை. போய்ச் சேர்ந்தால் இங்கே மாற்றுவதில்லை, கடைக்குப் போங்கள் என்கிறார் காவலாளி. அவர் மரியாதையாகத்தான் சொன்னார், நாற்காலியும் போட்டார். உங்கள் நிறுவனத்தில் நான் பார்த்த ஒரே வாடிக்கையாளர் சேவை அதுதான்.

இன்னொன்று விட்டுப்போயிற்று. முதல் புகாருக்கு வந்த மின்னஞ்சலில், பாத்திர சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், மினுமினுப்புப் போய்விடும் என்று இருந்தது. நிஜமான யிஷிங் மண்ணில் சோப்பு போட்டால் அதன் வாசனை உள்ளே இறங்கி, அப்புறம் தேநீரோடு சேர்ந்து வரும். சோப்பு போடலாம் என்றால், அது பூச்சுப் போட்டது என்று உங்கள் ஆளுக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம்? இதற்கு மட்டுமாவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

பெட்டிக்குள் வைத்திருக்கும் அந்த வழிகாட்டித் தாள் வேறு. எல்லாத் தேயிலைக்கும் கொதிநீர், மூடி வைத்து ஐந்து நிமிடம்! அதை நம்பி என் மைத்துனர், சீனாவின் ஹாங்ஜோவிலிருந்து வந்த லோங்ஜிங் பச்சைத் தேயிலையை அந்த டீபாட்டில் போட்டுவிட்டார். ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த இளந்தளிர். 80 டிகிரி நீரும் ஒரு கண்ணாடிக் குவளையும் போதும் அதற்கு. கனத்த மண் டீபாட்டுக்குள் சூடு இறங்காமல் வெந்து, வேப்பிலைக் கஷாயமாகத்தான் வந்தது. அந்தத் தேயிலைக்கு விலையே கிடையாது. சரி, 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மன உளைச்சல் தனிக் கணக்கு.

தயவுசெய்து 188 வெள்ளியையும் திருப்பிக் கொடுங்கள், அல்லது நான் கேட்ட 120 மில்லி டீபாட்டைக் கொடுங்கள். கடைக் கூப்பன் வேண்டாம். வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும் என்ற சட்டம் 2012 முதல் இங்கே நடப்பில் இருக்கிறது. பயனீட்டாளர் சங்கத்துக்கான கடிதம் தயாராக இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான சிறு வழக்குகளுக்கு நடுவர் மன்றமும் இருக்கிறது, வக்கீல்கூடத் தேவையில்லை. அங்கே சந்திக்க எனக்கு ஆசையில்லை. உங்கள் காய்வான்கள் நல்லவை என்று நானே இரண்டு நண்பர்களை உங்கள் கடைக்கு அனுப்பியவன்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். டீபாட்டை எடுத்துப்போக ஆள் அனுப்புங்கள், மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். துவாஸுக்கு இனி வர மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் (இப்போதைக்கு)