வெட்டுப்பட்ட பெயர்

கல்லடி,
மார்கழி 28

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள் என்று வாசித்ததும் மனம் நிறைந்துபோனது. இங்கே மழை விட்டபாடில்லை. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிய பிறகுதான் தண்ணீர் கொஞ்சம் வடிந்தது. அம்மா சுகம், உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னா.

வருட முடிவில் செய்ததையும் செய்யப்போவதையும் எழுதிக்கொள்வது நம் வழக்கமல்லவா? இந்த முறை யோசித்தால் எனக்கு ஒரு பெரியவரின் முகம்தான் வருகிறது.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு நெல் மில்லுக்கு மென்பொருள் எழுதினேன். நெல்லை நிறுத்ததும் எத்தனை மூடை, எத்தனை கிலோ என்று விவசாயியின் போனுக்கு எஸ்எம்எஸ் போகும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழென்றால் 70 தான், மிஞ்சினால் இரண்டாவதற்கும் காசு. மிச்சம் பிடிக்கலாமென்று பெயருக்கு 12 என்று எல்லை வைத்துவிட்டேன். அறுவடை நேரம் அந்தப் பெரியவர் போனோடு மில்லுக்கு வந்தார். நானும் அன்று அங்கேதான் நின்றேன். கோபப்படவில்லை. “தம்பி, அப்பா வச்ச பேர ஏன் வெட்டினீங்க?” என்று மட்டும் கேட்டார்.

கணபதிப்பிள்ளை என்று எழுதிப் பார். நீயும் நானும் எண்ணினால் எட்டு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடில் புள்ளி தனி, கொம்பு தனி, இகரத்தின் விசிறி தனி, ஆக 13. பன்னிரண்டில் வெட்டினால் ஐகாரம் விழுந்து ‘கணபதிப்பிள்ள’ என்று நிற்கும். அவருடைய பெயருக்கும் இதே கதிதான். இந்தக் கணக்கு எனக்குப் பல வருடமாகத் தெரியும் மச்சான். தெரிந்தும், அது ஒருவருடைய பெயர் என்று நினைக்காமல் எழுதியிருக்கிறேன். அன்றிரவு நித்திரை வரவில்லை.

அடுத்த நாளே எல்லையை எடுத்துவிட்டு, மற்ற வாசகங்களைச் சுருக்கினேன். அப்புறம் பெயர்களைத் தேடும் இடத்திலும் ஒரு பிழை அகப்பட்டது. ‘கோ’வை இரண்டு விதமாகத் தட்டலாம்: ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது இரட்டைக்கொம்பும் காலுமாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. அதனால் சிலரைத் தேடினால் ‘இல்லை’ என்று வந்திருக்கிறது. இப்போது சேமிக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுகிறேன்.

மற்றபடி, மூன்று வேலைகளை ஒன்றாக ஏற்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன். அது கவலைதான். தினமும் தரவை நகலெடுத்து பேக்கப் வைத்தும் ஆவணி வரை ஒரு முறைகூட அதிலிருந்து மீட்டுப் பார்த்ததில்லை. பார்த்தபோது பாதித் தரவுதான் வந்தது. வரும் வருடம் மாதம் ஒரு முறை மீட்டுப் பார்ப்பேன். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். பெரும்போக அறுவடை தொடங்கியதும் மண்முனைப் பாலம் தாண்டிப் போய், ஒரு கிழமை முழுக்கத் தராசடியிலேயே நிற்கப்போகிறேன். நெல் கொண்டுவருகிறவர்கள் போனில் எதைப் பார்க்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று அறையில் இருந்துகொண்டு தெரியாது.

இன்னொன்று. சோதனைக்காக நம் ஊர்ப் பெயர்களைச் சேர்த்து ஒரு பட்டியல் செய்கிறேன். உன் அப்பப்பாவின் பெயர் நல்ல நீளமல்லவா? முன்னெழுத்தாக இல்லாமல், முழுதாக எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்