சேருக்காகக் கடலில் ஒரு வட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

எங்களுக்கு அலைச்சறுக்குப் பழக்கிய, காலமான எங்கள் சேரின் 31ஆம் நாள் கிரியைகள் ஆகஸ்ட் 16, சனிக்கிழமை வீட்டில் நடக்கும். மறுநாள் ஞாயிறு காலை 5.45க்கு அறுகம் குடா பேபி பொயின்டில் கூடுவோம். எங்களில் பலர் முதன்முதல் பலகையில் எழுந்து நின்றது அங்கேதான். அதற்கு முன் அரை மணி நேரம் மணலில் இருத்தி அலையை மட்டும் பார்க்க வைப்பார். நீர் உள்ளே இழுத்தால் கரையை நோக்கிப் போராடாமல் பக்கவாட்டில் நீந்தச் சொல்லித் தந்ததும் அந்த மணலில்தான்.

1. பலகையில் படுத்துக் கையால் வலித்துப் போய், வட்டமாக இருந்து பூ விடுவோம். வெயில் ஏற ஏறக் காற்று எழும்பும், பிந்த வேண்டாம்.
2. உதிரிப்பூ மட்டும். நூல், பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். பாணமை முகாமில் ஒரு டொபித் தாளை எடுக்க எல்லோரையும் திரும்ப நடக்க வைத்தவர் அவர்.
3. நீந்தத் தெரியாதவர்களும் சிறுபிள்ளைகளும் அன்ரியுடன் கரையில் நிற்கவும்.
4. மட்டக்களப்பிலிருந்து வான் அதிகாலை 2.30க்கு. கல்முனை, அக்கரைப்பற்றிலும் ஏறலாம்.
5. முகாம் படங்கள் இருந்தால் அனுப்புங்கள்.

அன்ரி சேருடைய மஞ்சள் பலகையைக் கொண்டு வருகிறார். சேர் ரெசின் பசை பூசி ஒட்டிய தழும்பு அதன் ஓரத்தில் அப்படியே இருக்கிறது. வட்டத்தின் நடுவில் அதை வைப்போம்.

எத்தனை பேர், பலகை வேண்டுமா, வானில் எங்கே ஏறுவீர்கள் என்று புதன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.