பென்ஷன் பேப்பர் ரெடி, மனசு ரெடியா? பள்ளிக்கல்வித் துறைக்கு ஒரு ரிடையர்டு வாத்தியாரோட மடல்

பள்ளிக்கல்வித் துறையோட தலைமை ஆபீஸான சென்னை டிபிஐ வளாகத்துல இருக்குற அதிகாரிகளுக்கு வணக்கம். (பேரை மாத்தி சில வருஷம் ஆச்சு, எங்களுக்கு இன்னும் அது டிபிஐ தான்.)

58ல வீட்டுக்குப் போகணும்னு மனசுல கணக்கு வெச்சிருந்தேன், 2020ல 59ன்னீங்க, அடுத்த வருஷமே 60ன்னீங்க, அப்புறம் வருஷ நடுவுல வயசு முடிஞ்சுதுன்னு கல்வியாண்டு முடியுற வரைக்கும் மறுநியமனம். இவ்ளோ டைம் கிடைச்சும் நான் ரெடியாகல சார். சர்வீஸ் புக்கு, ஜிபிஎஃப், நோ டியூ, ஏஜி ஆபீஸ்னு பேப்பர் எல்லாம் பக்காவா ரெடி பண்ணேன், அதுக்கு ஆளாளுக்கு வழி சொன்னாங்க. அடுத்த நாள் காலைல என்ன பண்றதுன்னு மட்டும் ஒருத்தரும் சொல்லல.

ஏப்ரல், மே ஒண்ணும் தெரியல, எப்பவும் போல லீவு மாதிரிதான் இருந்துச்சு. ஜூன்ல ஸ்கூல் திறந்த அன்னைக்கு 5 மணிக்கு எழுந்து குளிச்சு சட்டை அயர்ன் பண்ணிட்டு அப்புறம்தான் உறைச்சுது. எமிஸ்ல, அதான் புள்ளைங்க விவரம் ஏத்துற வெப்சைட்டுல, என்ட்ரி போடுற தொல்லை விட்டுச்சுன்னு சந்தோஷப்பட்ட ஆளு தான் நான்! 34 வருஷம் ஒரு நாளைக்கு ஆறு பீரியடு கத்துன தொண்டை, இப்போ சாயங்காலம் பால்காரர்கிட்ட பேசுனா கரகரங்குது, காலைலேந்து பேசவே இல்லன்னு அப்பத்தான் தெரியுது. வீட்டுல பேசுனாலோ "நான் ஒண்ணும் உங்க கிளாஸ் புள்ள இல்ல"ன்னு வீட்டம்மா சொல்றாங்க, அதுவும் நியாயம்தான்.

14416க்கு போன் பண்ணா பேசலாம், டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசுறாங்க. ஆனா ஊருக்கே புத்தி சொன்ன வாத்தியார் தனக்கு மனசு சரியில்லன்னு போன் எடுப்பாரா? நான் எடுக்க நாலு மாசம் ஆச்சு.

அதனால கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. புதுப் பாடப்புத்தகம் வந்தா ட்ரெயினிங் போடுறீங்க, ஸ்மார்ட் போர்டு வந்தா போடுறீங்க. ரிடையர் ஆகி சால்வை போடுற அன்னைக்கு இல்ல, ஒரு வருஷம் முன்னாடியே, ரிடையர் ஆன பிறகு எப்படி இருக்கணும்ங்கிறதுக்கும் ரெண்டு நாள் போடுங்க. புரொஜக்டர் போட்டு பேசுற ஆளு வேணாம், ஏற்கனவே ரிடையர் ஆன நாலு பேரைக் கூப்டு உக்கார வைங்க, முதல் ஆறு மாசம் எப்படிப் போச்சுன்னு அவங்க உள்ளதை உள்ளபடி சொல்லட்டும், முடிஞ்சா வீட்டுக்காரம்மாவையும் வீட்டுக்காரரையும் சேத்தே கூப்டுங்க.

சென்னைல எங்க வெச்சாலும் நான் வரேன். பயணப்படி வேணாம், 60 தாண்டுனவங்களுக்கு மாசம் 10 இலவச பஸ் டோக்கன் தர்றாங்க, எனக்கு இந்த மாசம் எட்டு அப்படியே கிடக்கு.