ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நம்பிக் கிளை திறப்போருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தொழில்முனைவோருக்கான கூட்டங்களில் "துணிந்து இறங்குங்கள்" என்ற அறிவுரை தாராளமாகக் கிடைக்கிறது. எத்தனை வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) துணியலாம் என்பதை யாரும் சொல்வதில்லை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரத்தில், ஊருக்குப் பணம் அனுப்பும் கடை நடத்தி, இரண்டாவது கிளைக்கு இடம் தேடுவோருக்கு அந்தக் கணக்குதான் முக்கியம்.

வாடிக்கையாளர் இங்கே கட்டும் வெள்ளி அப்படியே ஊருக்குப் போவதில்லை. கடைக்காரர் முன்கூட்டியே ரூபாய் வாங்கி இந்தியாவிலுள்ள கூட்டாளி வங்கியில் போட்டு வைத்திருப்பார், பட்டுவாடா அதிலிருந்துதான். லிட்டில் இந்தியாவில் கூட்டம் அலைமோதுவதோ ஞாயிற்றுக்கிழமை. அன்று இந்திய வங்கிகளுக்கு விடுமுறை. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளிலும் அப்படியே. நாளுக்கு 100,000 வெள்ளி அனுப்பும் கடை, அத்தகைய வார இறுதிக்காக வெள்ளிக்கிழமையே 200,000 வெள்ளிக்குக் குறையாமல் ரூபாயை நிரப்பியாக வேண்டும். வியாபாரம் இரட்டித்தால் இதுவும் இரட்டிக்கும். லாபம் கைக்கு வருமுன்னே முதல் முடங்கிவிடும்.

அதற்குள் ரூபாய் அரை விழுக்காடு சரிந்தால்? வாடிக்கையாளர் புது விகிதம் கேட்பார். கையிருப்போ பழைய விலைக்கு வாங்கியது. 100,000 வெள்ளிக்கு 500 வெள்ளி நட்டம். தலைக்கு 5 வெள்ளி கட்டணம் தரும் 100 பேரின் வரவு அதோடு போயிற்று. ரூபாய் ஏறும் என்று தேவைக்கு மேல் வாங்கி வைப்பது சூதாட்டம். அதைத் துணிச்சல் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை.

அடுத்தது உரிமம். 2020 ஜனவரி 28 முதல் நடப்பிலுள்ள கட்டணச் சேவைகள் சட்டப்படி, சாதாரண உரிமத்துக்கு ஒரு சேவையில் மாதச் சராசரி 3 மில்லியன் வெள்ளிதான் வரம்பு. மேலே சொன்ன கடை முப்பதே நாளில் அதை முட்டிவிடும். தாண்டுமுன் பெரிய உரிமம் வேண்டும்: அடிப்படை மூலதனம் 100,000 வெள்ளியிலிருந்து 250,000 ஆகும், சிங்கப்பூர் நாணய ஆணையத்திடம் 100,000 வெள்ளி ஈடு, மாதம் 6 மில்லியனைத் தாண்டினால் 200,000. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு விண்ணப்பிப்பவர், உரிமம் வரும்வரை வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிக்கொண்டே வாடகையும் கட்டுவார்.

அறைத் தோழர்கள் நால்வரின் சம்பளத்தை ஒருவர் பெயரில் அனுப்புவதைக் கண்டும் காணாமல் விடும் பழக்கம் ஆபத்தானது. பணம் யாருடையது என்று வங்கி கேட்கும்போது பதில் இல்லாவிட்டால் கடையின் கணக்கையே மூடக்கூடும். உரிமம் சுவரில் தொங்கும், தொழில் நின்றுவிடும். பதிவுகளை ஐந்தாண்டு வைத்திருப்பது இதற்காகவும்தான்.

பிரைவேட் லிமிடெட் என்பதால் சொந்தச் சொத்துக்குப் பாதிப்பில்லை என்போர், கடன் பத்திரத்தில் வங்கி கேட்கும் தனிநபர் உத்தரவாதத்தையும் படிக்கட்டும்.

2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ ஆகிய உடனடிப் பணப் பரிமாற்ற முறைகளின் இணைப்பு வந்தபின் நாளுக்கு 1,000 வெள்ளி வரை கைப்பேசியிலேயே அனுப்பலாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை மட்டும் எண்ணிப் பார்த்துக் கிளை வாடகையைப் பேசுபவர்கள் இதையும் கழித்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் இந்திய வர்த்தகத் தொழிற்சபை, இந்த வரவுசெலவுக் கணக்கைத் தமிழிலேயே போட்டுக் காட்டும் பயிலரங்கு ஒன்றை நடத்தலாமே.

இப்படிக்கு,
பணம் அனுப்பும் தொழில் சார்ந்த வாசகர்கள்,
சிராங்கூன் சாலை